கருவியின் அழகும் கருணையின் அழகும்

அழகு எங்கே இருக்கின்றது என்னும் வினா மிகப் பழமையானது. மலரில் இருக்கின்றது, மழலையின் முகத்தில் இருக்கின்றது, மாலை வானத்தில் இருக்கின்றது என்று விடை கூறுதல் எளிது. ஆனால் துடைப்பத்தில் அழகு இருக்கின்றதா? முறத்தில் இருக்கின்றதா? நீர் மொள்ளும் அகப்பையிலும் கொல்லன் பட்டறைக் குறட்டிலும் அழகு உண்டா? இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் சிரித்து விடுவர். எனினும், ஓவியர் ஒருவர் அதே அகப்பையை வரைந்து சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால், அதன் முன் நெடுநேரம் நின்று மெய்ம்மறப்போரும் உளர். நாள்தோறும் கையாண்டபொழுது கண்ணிற் படாத அழகு, படமானபொழுது எங்கிருந்து வந்தது?

அருகன் அறத்தைப் பின்பற்றும் நமக்கு இதனோடு மற்றொரு வினாவும் எழுகின்றது. பொருள்களின் மேலுள்ள பற்றைக் குறைத்துக்கொள்ளுதல் நமது நெறி. மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. அவ்வாறிருக்க, ஒரு பொருளின் படத்தைக் கண்டு மகிழ்தல் அப்பற்றின் மறுவடிவம் அன்றோ? பொருளைத் துறந்து அதன் நிழலைப் பிடித்துக்கொள்வது என்ன துறவு? இவ்விரண்டு வினாக்களையும் சேர்த்தே நாம் ஆராய வேண்டும். ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்றொன்றுக்கும் வழிகாட்டும் என்பது நமது துணிபு.

கடைசி வரிசை ஓவியம்

பிரான்சு நாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் ஓவியக் கழகத்தார் ஓவியங்களுக்கு ஒரு தரவரிசை வகுத்தனர். சமயக் கதைகளையும் வரலாற்று நிகழ்ச்சிகளையும் தீட்டுவது தலையாய ஓவியம். அதன்பின் மனித உருவம், விலங்கு, இயற்கைக் காட்சி என்று வரிசை கீழே இறங்கும். உயிரற்ற பொருள்களை வரைவோருக்குக் கிடைத்தது கடைசி இடம். பெரியோரைப் பாடுவதே கவிதை, பானையைப் பாடுவது கவிதை ஆகுமா என்று கேட்பது போன்ற எண்ணம் அது.

அக்கழகத்தில் 1728-ஆம் ஆண்டு இடம் பெற்றவர் ஷார்தேன் என்னும் ஓவியர். 1699-இல் பாரிசு நகரில் பிறந்து, 1779-இல் மறைந்தவர். அவர் கடைசி வரிசையையே தமது இடமாகக் கொண்டார். செம்பு நீர்த்தொட்டி ஒன்றை 1734-ஆம் ஆண்டளவில் அவர் தீட்டினார். அது இன்று பாரிசு லூவர் காட்சிக்கூடத்தில் உள்ளது. முக்காலி போன்ற மரத்தாங்கியின் மேல் மூடியும் குழாயும் உடைய ஒரு செம்புத் தொட்டி, அருகே ஒரு வாளி, ஒரு ஜாடி, நீர் மொள்ளும் நீண்ட கைப்பிடி உடைய அகப்பை ஆகியவையே படத்தில் உள்ளன. வேறொன்றும் இல்லை. படத்தின் உயரமும் ஓரடிக்குக் குறைவே. பள்ளிச் சிறுவரின் சிலேட்டுப் பலகையை விட அது பெரிதன்று.

அக்காலத்துப் பாரிசில் வீடுதோறும் குழாய் நீர் இல்லை. நீர் சுமப்போரிடம் விலைக்கு வாங்கி, இத்தகைய தொட்டியில் ஊற்றி வைத்துச் சிறிது சிறிதாகப் பயன்படுத்தினர். ஆகவே அது வீட்டின் இன்றியமையாத பொருள். இன்றியமையாத பொருள்களை யார் உற்று நோக்குகின்றனர்? அதிலிருந்து நீர் வரும்வரை யாரும் நோக்குவதில்லை. ஷார்தேன் நோக்கினார். அத்தொட்டியை அவர் பொன்னாக்கிக் காட்டவில்லை. புகை படிந்த இடம் புகை படிந்தே உள்ளது. செம்பின் வளைவில் ஒளி விழும் இடம் மட்டும் மெல்ல ஒளிர்கின்றது. உள்ளதை உள்ளவாறு காட்டிய அந்தச் சிறு படம், அரசர்களின் போர்க்களங்களைக் காட்டும் பெரும் படங்கள் பல மறக்கப்பட்ட பின்பும் நிலைத்து நிற்கின்றது. அக்காலத்துப் பேரறிஞரான திதரோ, ஷார்தேனின் படங்களைப் பெரிதும் போற்றி எழுதினார். கடைசி வரிசை என்பது மனிதர் வகுத்தது. அழகு அவ்வரிசைக்குக் கட்டுப்படவில்லை.

பயனை மறந்த பார்வை

அமெரிக்க நாட்டு நிழற்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ், 1930-களில் பொருளாதார வீழ்ச்சியால் நலிந்த உழவர் குடும்பங்களைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். அவர் 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பார்ச்சூன் என்னும் இதழில், சாதாரணக் கருவிகளின் அழகைக் காட்டும் படத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். ஒரு குறடு, ஒரு ஸ்பானர், தகரம் வெட்டும் கத்தரி, கொத்தனாரின் சிறு கரண்டி என்று இரும்புக் கடையில் சிறு விலைக்குக் கிடைக்கும் பொருள்களே அவை. வெற்றுப் பின்னணியில் ஒவ்வொரு கருவியும் தனித்து நிற்கின்றது. பெருவணிகர் படிக்கும் இதழில், தொழிலாளியின் கைப்பொருள் இளவரசரைப் போலத் தனிப் படம் பெற்றது.

அப்படங்களைக் காணும்பொழுது ஒரு வியப்பு உண்டாகின்றது. கொத்தனாரின் கரண்டி ஓர் இலையைப் போலக் கூர்ந்து முடிகின்றது. குறட்டின் இரு கால்களும் ஏதோ ஒரு பறவையின் அலகைப் போலச் சேர்கின்றன. இதை அழகுக்காக யாரும் செய்யவில்லை. செயலுக்கு வேண்டாத ஒன்றும் இருக்கலாகாது என்று பல தலைமுறைக் கைவினைஞர் தேய்த்துத் தேய்த்துக் குறைத்ததால் வந்த வடிவம் அது. மிகையை விலக்கினால் எஞ்சுவது அழகு. மிகையை விலக்குதல் என்பது நமது நெறிக்கும் மிக நெருங்கிய சொல் அன்றோ?

ஜெர்மானிய மெய்யியலார் காண்ட் 1790-இல் வெளியிட்ட நூலில், அழகைக் காணும் இன்பத்தை மற்ற இன்பங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். பசித்தவன் பழத்தைக் கண்டு மகிழ்வது உண்ணும் விருப்பத்தால் வரும் மகிழ்ச்சி. அழகைக் காண்பவனோ, அப்பொருள் தனக்கு வேண்டும் என்னும் எண்ணமின்றியே மகிழ்கின்றான். இக்கருத்து நமக்குப் புதியதன்று. அமிர்தசந்திர ஆசாரியர் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தின் தொடக்கத்திலேயே, முழுதுணர் ஞானத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டுப் போற்றுகின்றார். பொருள்கள் யாவும் அதில் தோன்றுகின்றன. கண்ணாடியோ எதனையும் விரும்பி இழுப்பதுமில்லை, வெறுத்துத் தள்ளுவதுமில்லை.

நாம் முழுதுணர்ந்தோர் அல்லோம். எனினும், ஒரு குறட்டின் படத்தை நோக்கி நிற்கும் அச்சில நொடிகளில், அதை வாங்கவோ விற்கவோ முறுக்கவோ விரும்பாமல் வெறுமனே நோக்குகின்றோம். விருப்பு வெறுப்பின்றிக் காணுதலின் மிகச் சிறிய பயிற்சி அது. ஆகவே பொருளின் படத்தைக் கண்டு மகிழ்தல் பற்றுதான் என்று முடிவு கட்டிவிட இயலாது. கையில் உள்ள பொருள் நம்மை ஏவுகின்றது. படத்தில் உள்ள பொருளோ நம்மை நிறுத்துகின்றது.

கையை மறந்த பார்வை

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிதே முடிந்துவிடும். ஆனால் உண்மை முடியாது. அநேகாந்தம் கற்ற நாம், ஒரு பக்கத்தைக் கண்டு முழுமை என்று கூறலாகாது.

வான்கோ என்னும் ஓவியர் 1886-இல் தேய்ந்துபோன ஒரு சோடிக் காலணிகளை வரைந்தார். ஹைடெக்கர் என்னும் மெய்யியலார் 1930-களில் ஆற்றிய உரைகளில், அப்படத்தை ஒரு குடியானவப் பெண்ணின் காலணி எனக் கொண்டு, வயலின் ஈரத்தையும் அவள் நடையின் களைப்பையும் அதில் கண்டு உருக்கமாகப் பேசினார். பயன்படும்பொழுது நாம் கவனியாத பொருள், கலையில்தான் தன் இயல்பைக் காட்டுகின்றது என்பது அவர் கருத்து. 1968-இல் கலை வரலாற்று அறிஞர் மேயர் ஷாப்பிரோ இதனை மறுத்தார். அவை குடியானவப் பெண்ணின் காலணிகள் அல்ல, நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்தக் காலணிகளே என்பது அவர் வாதம்.

இருவருள் யார் சொல்வது சரி என்பதை விட, இப்பூசல் நமக்குக் கற்பிக்கும் பாடமே முக்கியமானது. உழைப்பவரின் கருவியைப் படத்தில் கண்டவுடன், அவருடைய வாழ்வை நாமே புனைந்துகொள்ள விரைகின்றோம். களைப்பும் அழகு, வறுமையும் அழகு என்று சொல்லிவிடுகின்றோம். களைத்தவரைக் கேட்பதில்லை.

நாள்காட்டிகளில் உரலும் உலக்கையுமாக நிற்கும் மங்கையின் படத்தை நாம் எத்தனையோ கண்டுள்ளோம். வளையல் குலுங்க, முகத்தில் புன்னகையோடு அவள் நெல் குத்துவாள். நமது தலைமுறைப் பெண்கள் உலக்கையின் எடையை அறிந்தவர்கள். விடியுமுன் எழுந்து, உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் என்று மாறி மாறி உழைத்த தோள்களின் வலியையும் அறிந்தவர்கள். மின் அரைவை இயந்திரம் வீட்டிற்கு வந்த அன்று அவர்கள் விட்ட பெருமூச்சு எந்தப் படத்திலும் இல்லை. இன்று விடுதிகளின் முகப்பில் அம்மி அலங்காரப் பொருளாகக் கிடக்கின்றது. குழந்தைகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் அம்மியை அழகென்று சொல்லுமுன், அதன் முன் குனிந்திருந்த முதுகையும் நினைத்தல் வேண்டும். கையை மறந்து கருவியை மட்டும் கண்டால், அப்பார்வை பாதிப் பார்வையே ஆகும்.

கருவி தந்த பெருமான்

நமது மரபு கருவிகளை இழிவாகக் கருதியதில்லை. போகபூமியின் காலம் முடிந்து, வேண்டியன தந்த கற்பக மரங்கள் மறைந்தபொழுது, மக்கள் பசியாலும் அச்சத்தாலும் திகைத்தனர். அப்பொழுது ஆதிபகவனாகிய விருஷபதேவர், வாள், மை, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழில்களை அவர்களுக்குக் கற்பித்தருளினார் என்று ஆதிபுராணமும் ஸ்ரீபுராணமும் கூறுகின்றன. தம் மகளிர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அவரே பயிற்றினார். எழுத்தாணியும் ஏரும் உளியும் பெருமானின் கருணையால் மக்கள் கைக்கு வந்தன என்பதே நமது நம்பிக்கை. திக்கற்று நின்றோர் பிழைக்க வழி காட்டியமையால், கருவியின் தோற்றத்திலேயே இரக்கம் உள்ளது.

கோயில்களில் நாம் வணங்கும் எண்மங்கலங்களையும் எண்ணிப் பார்ப்போம். பிருங்காரம் என்னும் கெண்டி, கலசம், கண்ணாடி, சாமரை, கொடி, விசிறி, குடை, சுப்ரதிஷ்டம் என எட்டு. இவற்றுள் நீர் வார்க்கும் கெண்டியும், நீர் நிறைக்கும் குடமும், முகம் பார்க்கும் கண்ணாடியும், வெப்பம் தணிக்கும் விசிறியும், வெயில் மறைக்கும் குடையும் வீட்டில் புழங்கும் பொருள்களே. பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் மல்லிநாதரின் இலாஞ்சனமும் கலசமே. கழுகுமலையில் பாறை முழுவதும் வரிசையாகச் செதுக்கப்பட்ட திருவுருவங்களின் தலைமேல் முக்குடையைக் காண்கின்றோம். சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தில் மலர் கொய்யும் ஒருவரின் கையில் பூக்குடலை தொங்குகின்றது. ஓலையால் முடைந்த ஓர் எளிய குடலை, சமவசரணக் காட்சியில் இடம் பெற்று, ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நம்மோடு இருக்கின்றது.

வடமதுரைக் கங்காளி மேட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த அகழாய்வில் ஒரு சரசுவதி சிற்பம் கிடைத்தது. இன்று இலக்னோ அருங்காட்சியகத்தில் உள்ள அச்சிற்பம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிடைத்துள்ள சரசுவதி உருவங்களுள் மிகப் பழையது அதுவே என அறிஞர் கருதுகின்றனர். தலை சிதைந்துவிட்டது. இடக்கையில் கட்டிய சுவடி மட்டும் தெளிவாக உள்ளது. பீடத்திலுள்ள கல்வெட்டு, இதனைச் செய்து கொடுத்தவர் சிகன் மகன் கோவன் என்னும் இரும்புக் கொல்லர் என்றும், எல்லா உயிர்களின் நலத்திற்காகவும் இன்பத்திற்காகவும் இது நிறுவப்பட்டது என்றும் தெரிவிக்கின்றது. அரசரும் செல்வரும் பெயர் பொறித்துச் சென்ற காலத்தில், சம்மட்டி பிடித்த கை ஒன்று சுவடி ஏந்திய கையைக் கல்லில் நிறுவியது. அச்சுவடியும் ஒரு கருவியே. கோவன் தம் பட்டறையில் அடித்த கருவிகள் எல்லாம் துருவேறி மண்ணாகியிருக்கும். அவர் கொடுத்த சுவடி இன்றும் கல்லில் நிற்கின்றது.

கருவியின் குற்றம்

இனி, மறைக்கக் கூடாத ஒன்றைக் கூற வேண்டும். கருவி உயிரை வாழ்விக்கின்றது. உயிரை அழிக்கவும் செய்கின்றது.

உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் ஆகிய ஐந்தையும் உயிர்க்கொலை நிகழும் ஐந்து இடங்களாக நம் முன்னோர் எண்ணினர். இவற்றைப் பஞ்ச சூனை என்பர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில், இவற்றின் தொடர்பு நீங்கியவர்கள் என்றே தானம் பெறத்தக்க துறவியரைக் குறிப்பிடுகின்றார். அந்நூலே, பயனில்லாத் தீமைகளை விலக்கும் விரதத்தைக் கூறுமிடத்தில், கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, சங்கிலி முதலிய கொலைக்கு ஏதுவான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தலையும் குற்றம் என்கின்றது. இங்கு வாளோடு மண்வெட்டியும் எண்ணப்படுவதை நோக்குக. உழவனின் எளிய கருவியும் மண்ணில் வாழும் எண்ணற்ற உயிர்களுக்குக் கூற்றுவன் ஆகலாம்.

ஆகவே, துடைப்பத்தின் ஓவியத்தின் முன் நிற்கும் அருகநெறியாளர், கலை விரும்பி ஒருவர் நிற்பதைப் போல மட்டும் நிற்க இயலாது. அதன் ஈர்க்குகளின் ஒழுங்கு அழகுதான். ஆனால் அவ்வீர்க்குகளில் சிக்கிய எறும்புகள்? அரிவாளின் வளைவு பிறைநிலாவைப் போன்றதுதான். ஆனால் அவ்வளைவு எதற்காக? அழகு என்பது கருவிக்கு அளிக்கப்படும் மன்னிப்புச் சீட்டு ஆகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியுள்ளது. உறையில் அழகிய வேலைப்பாடுடைய வாளைக் கண்டு வியப்போர், அதன் கூர்மையை மறந்துவிடுவதை நாம் காணவில்லையா?

இதற்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. கருவியில் கொலை இருப்பதால் அதன் அழகைக் காணவே கூடாது என்பது ஒன்று. அழகு வேறு, அறம் வேறு, இரண்டையும் கலக்காதே என்பது மற்றொன்று. முதல் விடையைக் கொண்டால் உலகில் கண் திறக்கவே இடமில்லை. இரண்டாவதைக் கொண்டால் கண் திறந்தும் பயனில்லை. இரண்டுமே ஒருதலையானவை. மூன்றாவதாக ஒரு விடை நமது ஆகமத்திலேயே உள்ளது.

எடுத்தலும் வைத்தலும்

துறவியர் மேற்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் நான்காவது, ஆதான நிக்ஷேபண சமிதி. ஆதானம் என்பது எடுத்தல். நிக்ஷேபணம் என்பது வைத்தல். சுவடியோ கமண்டலமோ எதுவாயினும், அதனை எடுக்குமுன் கண்ணால் நன்கு நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீவி, அங்கே உயிர் ஏதும் இல்லை என்று தெளிந்த பின்னரே எடுத்தல் வேண்டும். வைக்கும்பொழுதும் வைக்கும் இடத்தை அவ்வாறே நோக்கி, நீவி, பின்பு வைத்தல் வேண்டும். ஒரு பொருளை எடுத்து வைப்பதை உலகம் ஒரு செயலாகக்கூட எண்ணுவதில்லை. நமது அறமோ அதனை ஒரு விரதமாக்கியது. இதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே உண்டாகின்றது.

இச்சமிதியின் உயிர்நாடி எது? எடுக்குமுன் நோக்குதல். ஷார்தேனின் செம்புத் தொட்டியின் அழகுக்கும் அதுவே காரணம் என்று நாம் கருதுகின்றோம். அவர் சமிதியை அறிந்தவர் அல்லர். உயிரோம்பும் நோக்கம் கொண்டு வரைந்தார் என்றும் நாம் கூறவில்லை. எனினும், அவருடைய படத்தில் வாளியும் ஜாடியும் அகப்பையும் எறியப்பட்டுக் கிடக்கவில்லை. ஒவ்வொன்றும் நன்கு நோக்கி, தன் இடத்தில் மெல்ல வைக்கப்பட்டுள்ளது. பார்க்கும் நம் கண்ணும் அவ்வாறே மெல்ல நடக்கக் கற்றுக்கொள்கின்றது. எளிய கருவியின் ஓவியத்தில் நாம் காணும் அழகு, அக்கருவியின் மேல் செலுத்தப்பட்ட கவனத்தின் அழகே.

இவ்வாறு கொண்டால் முன் எழுப்பிய ஐயங்கள் நீங்குகின்றன. கவனமே அழகின் வேர் என்றால், அக்கவனம் கருவியின் வடிவோடு நின்றுவிடலாகாது. அதைப் பிடித்த கையையும், அது நெருங்கும் உயிரையும் சேர்த்தே அது காண வேண்டும். துடைப்பத்தின் படத்தை நீண்ட நேரம் நோக்கியவர், மறுநாள் வீட்டில் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்பொழுது தரையைச் சற்று நோக்குவாராயின், அப்படம் தன் பணியைச் செய்துவிட்டது. எறும்பு வரிசைக்கு வழி விட்டுப் பெருக்குவாராயின், அழகும் அறமும் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டன. அழகு கருவியை மன்னிப்பதில்லை. அதன் குற்றத்தையும் நாம் காணும் அளவுக்கு நம்மை நிற்க வைக்கின்றது.

ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் குடம், முறம், சொம்பு முதலியவற்றைக் கரும்பலகையில் வரைய நாம் பழகினோம். அன்று அது மதிப்பெண்ணுக்கான பாடம். பின்னர் வகுப்பறையில் பல ஆண்டுகள் கண்ட உண்மை வேறு. ஒரு பொருளை வரைந்த குழந்தை, அப்பொருளை முன்போல் உதைத்து விளையாடுவதில்லை. நோக்கிய பொருளைக் கை தானாகவே மதிக்கின்றது. ஆசாரியர்கள் சமிதியாக வகுத்ததன் ஒரு துளியைக் குழந்தை பென்சிலால் கற்றுக்கொள்கின்றது.

இறுதி வரை நிற்கும் கருவி

பற்று என்னும் வினாவுக்கு இனி வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் இரும்புச் சாமான் கடைகள் பல நடத்திய ஹெச்சிங்கர் என்பவர், சுத்தியல், இரம்பம் முதலிய கருவிகளையே பொருளாகக் கொண்ட ஓவியங்களையும் சிற்பங்களையும் தேடித் தொகுத்தார். கருவியை விற்றவர் கருவியின் கலைக்கு ஆட்பட்டார். அக்கடைகள் 1999-இல் மூடப்பட்டன. தொகுத்த கலைப்பொருள்களை 2003-இல் கலை அமைப்பு ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தொகுத்தல் பற்று, கொடுத்தல் பற்றறுத்தல். படத்தை நோக்கி மகிழ்ந்தவர், அப்படத்தையும் ஒருநாள் இறக்கி வைக்கத்தான் வேண்டும். எடுத்தலைப் போலவே வைத்தலும் சமிதியின் பகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

வைத்தலின் எல்லையை நமது திகம்பரத் துறவியரிடம் காண்கின்றோம். வீட்டை விடுகின்றனர்; ஆடையை விடுகின்றனர்; உண்கலத்தையும் விட்டு, இரு கைகளையே கலமாக்கி நின்றபடி உண்கின்றனர். கருவிகள் எல்லாம் ஒவ்வொன்றாக விலகிய பின்பு எஞ்சுபவை மூன்று. அறிவுக்குச் சுவடி, தூய்மைக்குக் கமண்டலம், உயிரோம்புதலுக்கு மயிற்பீலி. இவற்றுள்ளும் மயிற்பீலியின் சிறப்பு தனியானது. மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனது. ஆகவே அதன் பிறப்பில் கொலை இல்லை. தூசியை ஏற்காமை, வியர்வையை ஏற்காமை, மென்மை, நொய்மை, எடையின்மை என்னும் ஐந்து குணங்கள் அதற்கு உண்டென்று மூலாசாரம் கூறுகின்றது. ஒரு துடைக்கும் கருவியின் நலன்களை இவ்வாறு எண்ணி ஆராய்ந்த நூல் உலகில் வேறு எத்தனை உண்டு?

துடைப்பமும் துடைக்கின்றது, மயிற்பீலியும் துடைக்கின்றது. துடைப்பம் நமக்காகத் துடைக்கின்றது. மயிற்பீலியோ நம்மிடமிருந்து பிற உயிரைக் காப்பதற்காகத் துடைக்கின்றது. மனிதன் தனக்காகச் செய்துகொண்ட கருவிகளை எல்லாம் துறந்த பின்பும், பிற உயிருக்காகச் செய்த கருவியை மட்டும் இறுதி வரை கையில் வைத்திருக்கின்றான். ஆசாரியர்களின் திருவடிச் சுவடுகளைக் கல்லில் செதுக்கும்பொழுது, அவற்றின் இருபுறமும் மயிற்பீலியையும் கமண்டலத்தையும் செதுக்கும் மரபு இருப்பதன் பொருளும் இதுவே என்று எண்ணுகின்றோம். அவர் முகம் அங்கே இல்லை, உருவமும் இல்லை. அவர் நடந்த அடியும், அவர் கையாண்ட எளிய கருவியும் போதும். அவர் வாழ்வு முழுவதும் அதில் விளங்கிவிடுகின்றது. எளிய கருவியைச் சித்தரித்த கலைகளுள் இதனினும் உயர்ந்ததை நாம் அறியோம்.

அதற்கும் அப்பால் ஒரு நிலை உண்டு. அருகன் திருவுருவத்தின் கைகளில் ஒன்றும் இல்லை. ஆயுதம் இல்லை, மலர் இல்லை, மயிற்பீலியும் இல்லை. குடையும் சாமரையும் சுற்றி நிற்கின்றன. கையோ வெறுமையாக உள்ளது. எடுப்பதும் வைப்பதும் முடிந்த நிலை அது. கருவிகளின் அழகு நம்மை அழைத்துச் செல்ல வேண்டிய இடமும் அதுவே.

இல்லத்தார்க்கு ஒரு சொல்

நாம் இல்லறத்தில் இருக்கின்றோம். உரலையும் அடுப்பையும் அரிவாளையும் முற்றிலும் விட நம்மால் இயலாது. விட இயலாதவற்றை நோக்கிக் கையாளுதல் இயலும். வீட்டுக் குழந்தைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, நம் வீட்டுத் துடைப்பத்தை, வடிகட்டியை, குடத்தை வரையச் சொல்லுங்கள். வரைந்த பின்பு, இதைச் செய்தவர் யார், இதைப் பிடித்து உழைப்பவர் யார், இதனால் எந்த உயிர் நோகும், எந்த உயிர் பிழைக்கும் என்று கேளுங்கள். நீரை வடிகட்டும் எளிய துணிக்குள் எவ்வளவு கருணை மடித்து வைக்கப்பட்டுள்ளது என்பதை அவர்களே கண்டுகொள்வர். அதன் பிறகு, எந்தக் காட்சிக்கூடத்தில் எந்தப் பெரிய ஓவியரின் படத்தின் முன் நின்றாலும் அவர்களுக்குக் காணத் தெரியும்.

பெரிய பொருள்களின் அழகைக் காண உலகம் பல வழிகளில் கற்பிக்கின்றது. சிறிய பொருளைக் குனிந்து நோக்கக் கற்பிப்பது நமது அறம். குனிந்து நோக்கினால்தான் எறும்பும் தென்படும்.

வளர்க நல்லறம்!